ஆனால் என்னும் பச்சை வரி

மேற்கு ஹார்லோ, வெர்மான்ட்
ஊர்க்கூட்டம் முடிந்த ஞாயிறு, மார்ச்

அன்பு மகள் ஹேட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் உடல்நலத்தோடு இருக்கிறோம். ஈரக்காற்று வீசும் நாளில் அம்மாவின் முழங்கால் முனகுகிறது, மற்றபடி அவள் நாவுக்கு ஒரு குறையும் இல்லை. அலாஸ்காவின் கோடியாக் துறைமுகத்தில் நீயும் உன் இழுவைப் படகும் உன்னோடு பணியாற்றும் தோழர்களும் நலமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடு இதைத் தொடங்குகிறேன். இங்கே பனி பகலில் உருகி இரவில் இறுகுகிறது, மேப்பிள் மரங்களில் சாறு ஊறத் தொடங்கிவிட்டது, ஓரின் கின்னியின் பாகு காய்ச்சும் கொட்டகைக் கூரையிலிருந்து வெண்ணிற ஆவி எழுந்து தேவாலயக் கூம்பை மறைக்கிறது. சாலையெங்கும் சேறு. அஞ்சல் வண்டி நம் வாசலிலேயே புதைந்து, நானும் அஞ்சல்காரரும் பலகை போட்டுத் தள்ளினோம், வண்டி கரையேறியது, என் ஒற்றைக் காலணி ஏறவில்லை. பூனை வழக்கம்போல் உன் கட்டிலில் உறங்குகிறது, எழுப்பினால் உன்னைப் போலவே முறைக்கிறது.

இவை நலச்செய்திகள். இனி எழுதப்போவது அந்த வகையைச் சேர்ந்ததன்று. மூடி மறைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பொறாமை, ஹேட்டி. யார்மீது என்று கேட்பாய். ஆறு வயதுக் குழந்தைகள்மீது. மூன்று குளிர்காலங்களாக உன்னை வா வா என்று அழைத்து நான் எழுதியவற்றை அஞ்சல் நிலையப் பெண்மணி அறிவார், அந்த வெண்பனி அறியும், என் எழுதுகோலின் முனை அறியும். நன்றி நவிலும் நாளுக்கு வா என்றேன், கோடை ஊர்வலத்துக்கு வா என்றேன், ஆப்பிள் பழுக்கும் காலத்துக்கு வா என்றேன். பிறந்த மண்ணின் உரிமையைச் சொன்னேன், பெற்றோரின் முதுமையைச் சொன்னேன், பூட்டிக்கிடக்கும் உன் அறையின் தனிமையைச் சொன்னேன். நீ என்ன எழுதினாய்? ஒரு பட அஞ்சலட்டையின் பின்புறத்தில், "வேலை அதிகம்ப்பா, பார்ப்போம்." ஊர்க்கூட்டங்களில் எதிர்த்தரப்பின் எத்தனை உரைகளை நான் அடித்து வீழ்த்தியிருக்கிறேன், இந்தப் ‘பார்ப்போம்’ என்னும் ஒற்றைச் சொல்லை வீழ்த்த என்னால் முடியவில்லை. அப்படிப்பட்ட நீ, எழுத்துக்கூட்டவும் முழுதாகக் கற்காத குழந்தைகள் ஒரே ஒருமுறை அழைத்ததும், தாளின் இருபுறமும் நிறைய எழுதி, நீர்நாய் ஒன்றின் படமும் வரைந்து, வருகிறேன் என்று ஒப்புக்கொண்டாயாம். அந்த நீர்நாய் மல்லாந்து மிதந்தபடி வயிற்றின்மேல் சிப்பி வைத்திருக்கிறதாம். எனக்கு இதுவரை நீ ஒரு மீனைக்கூட வரைந்து அனுப்பியதில்லை.

என் ஆறாம் வகுப்புக்கும் முதல் வகுப்புக்கும் நடுவே மெல்லிய சுவர் ஒன்றுதான் என்பது நீ அறிந்ததே. அங்கே கோரின் ஹாஸ்கல் என்னும் இளம் ஆசிரியை வந்து சேர்ந்தது நீ போன பிறகு, ஆகவே அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சனவரியில், நான் என் மாணவர்களுக்கு மேடையில் நிற்பது எப்படி, குரலை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று பயிற்றுவித்துக் கொண்டிருந்தபோதெல்லாம் சுவருக்கு அப்பாலிருந்து சிரிப்பொலி வந்தது. ஒருநாள் தாள் தைக்கும் கருவியை இரவல் கேட்கும் சாக்கில் போய் எட்டிப்பார்த்தேன். கம்பளத்தின்மேல் குழந்தைகள் கூடி உட்கார்ந்திருந்தார்கள். ஹாஸ்கல் அம்மையார் ஒரு படக்கதைப் புத்தகத்தை விரித்துப் பிடித்திருந்தார். குளிர்காலத்தில் பண்ணைவீட்டுச் சமையலறைக்குக் குடிவர விரும்பும் கோழி ஒன்றின் கதை. இடப்பக்கத்தில் கோழி பண்ணைக்காரிக்குக் கடிதம் எழுதுகிறது, வலப்பக்கத்தில் பண்ணைக்காரியின் மறுமொழி இருக்கிறது. வலப்பக்கங்களையெல்லாம் இந்த அம்மையார் மஞ்சள் தாள் ஒட்டி மறைத்துவிட்டார். கோழி எழுதியதை மட்டும் வாசிப்பார், "எனக்குக் குளிருது, என்னை உள்ள விடுங்க." பிறகு கேட்பார், "இதைப் படிச்சதும் பண்ணைக்காரம்மா மனசுல ஒரு ‘ஆனா’ வரும். அது என்ன?" உடனே கைகள் உயர்ந்தன. "ஆனா நீ தரையெல்லாம் அசிங்கம் பண்ணுவியே" என்றது ஒரு குழந்தை. "ஆனா எங்க வீட்ல நாய் இருக்கே, அது உன்னத் தின்னுடுமே" என்றது இன்னொன்று. "ஆனா எனக்குக் கோழின்னாலே பிடிக்காது" என்றான் மூலையில் இருந்த ஒருவன். "அப்படிச் சொன்னா கோழி என்ன பதில் எழுதும்?" என்று கேட்டார் அம்மையார். அவன், "நான் கோழி மாதிரி நடந்துக்க மாட்டேன்னு எழுதும்" என்றான். நான் சிரிக்கவில்லை. தைக்கும் கருவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் முறை இதுதான். இணங்க வைக்கும் கடிதத்துக்கு மூன்று வண்ணக்கோல். எனக்கு என்ன வேண்டும் என்பது சிவப்பு. ஏனென்றால் என்று தொடங்குவது நீலம். படிப்பவர் ‘ஆனால்’ என்று வாய் திறக்குமுன்பே அந்த ஆனாலை நாமே எழுதி அதற்கு ஒரு வழியும் சொல்வது பச்சை. கோழி முடிந்ததும் இன்னொரு படக்கதை, அதில் ஒரு கரடி தன் குகைக்குப் பக்கத்தில் மணி அடிக்க வேண்டாமென்று பள்ளிக்கூடத்துக்கு எழுதுகிறது. அதிலும் மஞ்சள் தாள், அதிலும் ஆனால். பிறகு குழந்தைகள் உண்மையான மனிதர்களுக்கு எழுதத் தொடங்கினார்கள். பள்ளி முற்றத்தில் சறுக்கி விளையாடும் பனிமேடு உனக்கு நினைவிருக்கும். அதை வாரிக் கொட்டக் கூடாதென்று சென்ற ஆண்டு என் மாணவர்கள் சாலைப் பொறுப்பாளர் முன்னே நின்று உரையாற்றினார்கள். நெருப்புப் பறந்தது. அவர் எழுந்து நின்று கைதட்டிவிட்டு மறுநாள் காலையில் மேட்டை வாரிக்கொண்டு போனார். இந்த ஆண்டு அந்தக் குழந்தைகள் எழுதினார்கள், "ஆனா கார் நிறுத்த இடம் வேணும்னு சொல்வீங்க. மேட்ட வேலிப் பக்கமா தள்ளி வச்சுட்டா இடம் இருக்கும்." மேடு இன்றைக்கும் வேலியோரம் நிற்கிறது. என் மாணவர்கள் அதில் சறுக்குகிறார்கள், ஐயா நன்றி என்று என்னிடம் சொல்லவில்லை, அந்த அம்மையாரிடம் போய்ச் சொல்கிறார்கள்.

இதன் பின்னர்தான் அவர் என்னிடம் வந்து, தொலைவில் இருப்பவர் ஒருவர் வேண்டும், மாட்டேன் என்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும், நடைக்கூடத்துச் சுவரில் படகின் மேல்தளத்தில் நிற்கும் உங்கள் மகளின் படத்தைக் குழந்தைகள் நாள்தோறும் பார்க்கிறார்கள், முகவரி கிடைக்குமா என்று கேட்டார். சூடான மேப்பிள் பாகைப் பனிமேல் ஊற்றித் தின்னும் நம் பனிமேல் பாகு நாளுக்கு உன்னை அழைக்கப் போகிறார்களாம். நான் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டுச் சிரித்தேன். "குழந்தைங்கள ஏமாத்தாதீங்க. அவ வர மாட்டா. நானே கூப்பிட்டுப் பார்த்துட்டேன்" என்றேன். அந்த ‘நானே’ இப்போது என் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி கடைசியில் உணவுக்கூட வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஓரினின் பேத்தி டபிதா கின்னி திரும்பிப் பார்த்தாள். முன்பல் இரண்டும் விழுந்திருக்கின்றன, அதனால் அவள் அச்சம் என்பதையே இழந்துவிட்டாள் போலும். "மிஸ்டர் பெல்க்கி, உங்க பொண்ணு வர்றாங்க" என்றாள். யார் சொன்னது என்றேன். "அவங்களே எங்களுக்கு எழுதியிருக்காங்க. ஆனா நீங்க ஒண்ணு பண்ணணும்." என்ன என்றேன். "நீங்க பேசக் கூடாது." தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். யாரிடம் பேசக் கூடாது என்றேன். "அவங்ககிட்டதான். சும்மா பேசலாம். உப்பை எடுன்னு சொல்லலாம், குளிருதான்னு கேக்கலாம். கூட்டத்துல பேசுவீங்கல்ல, அது கூடாது. இங்கயே இரு, போகாதன்னு பேசுறது கூடாது. நான் எழுதிக் குடுத்துட்டேன்." எனக்குப் பின்னால் நின்ற சமையல்காரப் பெண்மணி, "வரிசை நகரட்டும், எல்வுட்" என்றார். டபிதா நகரவில்லை. போன தடவை நீ திரும்பிப் போனபோது நம் வண்டி கிளம்பாமல் ஓரின் தன் சரக்கு வண்டியில் நம்மைப் பர்லிங்டன் விமான நிலையத்துக்கு ஏற்றிப் போனது உனக்கு நினைவிருக்கும். அந்த வழிநெடுக நான் பேசியதை அந்த மனிதர் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். "எங்க தாத்தா சொன்னாரு, நீங்க வண்டி ஏறும்போது ஆரம்பிச்சு விமானம் ஏறுற வரைக்கும் பேசினீங்களாம், ஹேட்டி சன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தாங்களாம். அதான் அவங்களோட ‘ஆனா’ எனக்குத் தெரிஞ்சுது." மற்ற குழந்தைகள், ஆனால் தொலைவு அதிகமே, ஆனால் சேறாக இருக்குமே என்றெல்லாம் எழுதியிருக்க, அவள் மட்டும் எழுதினாளாம், "ஆனா எங்க அப்பா பேசிக்கிட்டே இருப்பாரேன்னு சொல்வீங்க. நாங்க அவர் வாயில டோனட் வச்சுடுவோம்." நீயும் டபிதா சொன்னது நிற்குமானால் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நான் பெற்ற மகளோடு எனக்காக ஓர் உடன்படிக்கை, அதில் என்னைத் தவிர எல்லோரும் கையெழுத்து இட்டிருக்கிறார்கள்.

அன்று மாலையே ஹாஸ்கல் அம்மையாரின் அறைக்குப் போனேன். உட்காருங்கள் என்றார். அங்கே இருப்பவை குழந்தை நாற்காலிகள்தாம், உட்கார்ந்தால் முழங்கால் காதுக்கு வருகிறது, அந்த நிலையில் எவராலும் முழங்க முடியாது. ஆயினும் கேட்டேன். "என் வாயை அடகு வைக்க அந்தப் பிள்ளைக்கு யாரு உரிமை குடுத்தா? தன்னால குடுக்க முடிஞ்சதைத்தானே வாக்குக் குடுக்கணும்? நீங்க திருத்தியிருக்க வேண்டாமா?" அவர் மறுக்கவில்லை. இந்த வயதுக் குழந்தைகள் எப்போதும் செய்யும் பிழை அதுதானாம். பச்சை வரி எழுதச் சொன்னால், சேறே இருக்காது, விமானம் இலவசமாகப் பறக்கும் என்று ஊரில் உள்ளவற்றையெல்லாம் தம்முடையதாக எண்ணி எழுதிவிடுவார்களாம். "ஒருத்தன் மழையே வராதுன்னு எழுதினான், அதை அடிச்சுட்டேன். டபிதா எழுதினதையும் அடிக்கத்தான் பார்த்தேன், மிஸ்டர் பெல்க்கி. இதை எப்படிக் காப்பாத்துவன்னு கேட்டேன். நான் அவர்கிட்டயே போய்க் கேப்பேன்னா. சரின்னு விட்டுட்டேன். கேட்டாளா?" கேட்டாள் என்றேன். "நீங்க என்ன சொன்னீங்க?" நான் ஒன்றும் சொல்லவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் வஞ்சகம் இல்லை என்பதுதான் என்னை மேலும் எரித்தது. வஞ்சகம் இருந்திருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் கொட்டினேன். அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டுவிட்டு, "சின்னப் பிள்ளைங்க மேல பொறாமைப்படுற ஒரே ஆம்பள இந்த மாவட்டத்துலயே நீதான், எல்வுட்" என்றாள். பொறாமை இல்லை, முறை பிழை என்கிறேன் என்றேன். "முறையெல்லாம் இருக்கட்டும், உன் கடிதத்தைக் கொண்டா" என்றாள். நான் முதலில் வரைவு எழுதி, திருத்தி, பிறகு படியெடுத்து அனுப்புகிறவன் என்பது உனக்குத் தெரியும், உனக்கு எழுதியவற்றின் வரைவுகள் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. கையைத் துடைத்துக்கொண்டு, ஞாயிற்றுப் பள்ளிக் குழந்தைகளுக்கென்று வாங்கி வைத்திருந்த வண்ணக்கோல்களை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். வரி வரியாகப் பூசினாள். "செவப்பு. இதுவும் செவப்பு. இந்தப் பக்கம் முழுக்கச் செவப்பு. இங்க கொஞ்சம் நீலம் வருது, என்ன அது, என் முழங்காலா? என் முழங்காலை எதுக்கு அலாஸ்கா வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போற?" பச்சை எங்கே என்று நானே கேட்டேன். பச்சைக் கோலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். முனை தேயாமல் புத்தம் புதிதாக இருந்தது. எட்ட இயலாத் தொலைவில் இருக்கும் மகளே, கூட்டம் நிறைந்த மன்றங்களில் எனக்குக் கிடைத்த கைதட்டல்களையெல்லாம் அந்தத் தேயாத முனையின் முன்னே வைத்துப் பார்த்தேன். அவை அதைவிடச் சிறியனவாகத்தான் தெரிந்தன. ஆயினும் அப்போதும் என் மனத்தில் எழுந்தது பொறாமையே. அந்தப் பல் விழுந்த சிறுமி ஒரு சரக்கு வண்டிக் கதையைக் காதால் கேட்டே கண்டுகொண்ட உன் ‘ஆனால்’, அதே வண்டியில் உன் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லையே என்னும் பொறாமை.

வாயை அடக்குவதென்றால் பழக வேண்டும், திடீரென்று வராது. ஆகவே ஊர்க்கூட்டத்தில் பழகிப் பார்க்கலாமென்று தீர்மானித்தேன். மார்ச் முதல் செவ்வாய், பள்ளி உடற்பயிற்சிக் கூடம், மடக்கு நாற்காலிகள், பின்பக்க மேசையில் முதல் வகுப்புக் குழந்தைகள் தங்கள் வீடுகளில் சுட்ட ஆப்பிள் பை என்னும் பணியாரம் விற்றுக்கொண்டிருந்தார்கள். நூலகத்தைச் சனிக்கிழமையும் திறந்து வைப்பதா என்பது அன்றைய பொருள்களில் ஒன்று. அதற்காக நான் ஓர் உரை ஆயத்தம் செய்து சட்டைப்பையில் வைத்திருந்தேன். அழகான உரை. அந்தப் பொருள் வந்ததும் அவைத்தலைவர் என் பக்கம் பார்த்தார். கூடமே என் பக்கம் பார்த்தது. ஓரின் கின்னியின் கை வழக்கம்போல் காதுக்கருவியை அணைக்கப் போனது. நான் தலையசைத்தேன். "எல்வுட், ஒண்ணுமில்லையா?" என்றார் அவைத்தலைவர். மீண்டும் தலையசைத்தேன். "உடம்பு கிடம்பு சரியில்லையா?" கூடம் சிரித்தது. பின்பக்க மேசையிலிருந்து டபிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இருகைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன், என் நா மேலண்ணத்தில் அடித்துக்கொண்டது, எதிர்த்தரப்பினர் எழுந்து வாயில் வந்ததையெல்லாம் பேசினார்கள், மறுப்பாரில்லை. வாக்கெடுத்தார்கள். ஒரு சில வாக்குகளில் நூலகம் தோற்றது.

வெளியே சேற்றில் நின்றபோது ஓரின் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ பேசும்போதெல்லாம் நான் மெஷினை அணைப்பேன், ஒத்துக்குறேன். ஆனா நீ பேச ஆரம்பிச்சா எதிராளுங்க பாதிப் பேரு பை வாங்கப் போயிடுவானுங்க, அந்த நேரத்துல ஓட்டு நமக்கு விழுந்துடும். இத்தன வருசமா அப்படித்தானே செயிச்சோம். இன்னைக்குன்னு பார்த்து வாயை மூடிக்கிட்டியே, பாவி" என்றார். என் வெற்றிகளின் அடித்தளம் ஆப்பிள் பை என்பதை அறுபதைத் தாண்டிய பிறகு அறிந்துகொண்டேன். டபிதா ஒரு துண்டு பையைத் தாள்தட்டில் வைத்து நீட்டினாள், காசு வேண்டாம் என்றாள். "நான் உங்க பொண்ணுக்கு மட்டுந்தான் எழுதினேன், மிஸ்டர் பெல்க்கி. லைப்ரரிக்கு நீங்க பேசியிருக்கலாம்ல. இப்ப சனிக்கிழம நான் எங்க போறது?" என்று கேட்டாள். குரலில் உண்மையான வருத்தம். மறுகூட்டம் கேட்டுக் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறேன். ஏப்ரலில் அதில் பேசுவேன், கூரை அதிரப் பேசுவேன், எதிராளிகள் கடைசித் துண்டு வரை பை தின்னட்டும். கூட்டம் கூட்டமாக இருப்பவர்களுக்கு உரை. ஒருவர் ஒருவராக இருப்பவர்களுக்குக் கடிதம். இந்த வேறுபாட்டை நான் இத்தனை காலம் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்காமல் விட்டுவிட்டேன், சுவருக்கு அப்பால் ஒருவர் கோழியை வைத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இதை எழுதும்போதும் வயிறு எரியத்தான் செய்கிறது.

ஆகவே, ஹேட்டி, டபிதா தன்னிடம் இல்லாததை உனக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். அதை வைத்திருப்பவன் நான், நான்தான் கொடுக்க வேண்டும். என்னால் இயன்ற அளவு சுருக்கமாக எழுதுகிறேன், என்னால் இயன்ற அளவு என்பதை நீ மன்னித்துப் படி. நீ வர வேண்டும். இது சிவப்பு. ஏனென்றால் உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. இது நீலம், இவ்வளவுதான், மண்ணுரிமையும் முதுமையும் முழங்காலும் வேறு யாருக்காவது இருக்கட்டும். ஆனால் அப்பா, வந்த மறுநாளே ‘படகு எதற்கு, இங்கேயே இரு’ என்று தொடங்கிவிடுவீர்களே, திரும்பும்போது வழியெல்லாம் பேசுவீர்களே என்பாய். திரும்பும் பயணச்சீட்டை இப்போதே சேர்த்து வாங்கிக்கொண்டு வா. நீ கிளம்பும் நாளில் ஓரினைக் கூப்பிட மாட்டேன், வண்டிக்கு இப்போது மின்கலம் புதிது, நானே ஓட்டிக்கொண்டு வந்து உன்னை நேரத்துக்கு முன்பே இறக்கிவிடுவேன், ‘எப்போது வருவாய்’ என்று கேட்க மாட்டேன். சேறு எங்கெங்கே ஆழம் என்பதைப் பற்றி மட்டும் பேசுவேன். அதுவும் அதிகம் என்றால் சன்னலைத் தட்டு, நிறுத்திக்கொள்கிறேன்.

பனிமேல் பாகு நாள் மாதத்தின் கடைசி வெள்ளி. ஓரின் பாகு காய்ச்சிக் கொண்டுவருகிறார். நீ குழந்தைகளோடு கம்பளத்தின்மேல்தான் உட்கார வேண்டுமாம், உன் வலப்பக்கம் யார் இடப்பக்கம் யார் என்று இப்போதே சண்டை நடக்கிறது, இரண்டில் ஒன்றில்கூட என் பெயர் இல்லை. டபிதா எனக்கு ஒரு வேலை ஒதுக்கியிருக்கிறாள். பாகின் இனிப்புத் திகட்டும்போது கடித்துக்கொள்ளப் புளித்த வெள்ளரி ஊறுகாய் தருவோமல்லவா, அந்தப் பாத்திரத்தை நான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். வேண்டுவோர் கை நீட்டுவார்களாம், நான் கொடுக்க வேண்டுமாம். "ரெண்டு கையும் வேலையா இருக்கும், வாயில டோனட் இருக்கும், அப்புறம் எப்படிப் பேசுவீங்க?" என்று விளக்கினாள். ஒப்புக்கொண்டேன். கை நீட்டும்போது மட்டும் என் பக்கம் ஒருமுறை பார்.

முழங்கால் வரை வரும் ரப்பர் காலணி கொண்டு வா, இங்கே உன்னுடைய பழையவற்றில் எலி குடியேறிவிட்டது. வழியில் விமானத்தில் தரும் உப்புக் கடலையை மட்டும் தின்று பசியைக் கெடுத்துக்கொள்ளாதே, அம்மா நீ வரும் நாளுக்கென்று பன்றித் தொடையை இப்போதே எடுத்து வைத்துவிட்டாள். படகை யாரிடம் ஒப்படைத்து வருகிறாயோ அவருக்கு இடப்பக்கம் இழுக்கும் அந்தச் சுக்கானைப் பற்றிச் சொல்லிவிட்டு வா. இந்தக் கடிதத்துக்கு மறுமொழியை முதல் வகுப்பு வழியாக அனுப்பாமல் நேரே எங்களுக்கே அனுப்பு, ஒரு பக்கம் இருந்தாலும் போதும், ஒரு மீனாவது வரைந்து அனுப்பு, பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. நீ இழுக்கும் கப்பல்கள் எல்லாம் இழுத்த இடத்துக்கு இணங்கி வரட்டும், உன் துறைமுகத்து நீர் நீ திரும்பும்வரை அமைதியாய் இருக்கட்டும், உனக்கு எல்லா நலமும் பெருகட்டும்.

உன் அன்புள்ள அப்பா,
எல்வுட் பெல்க்கி

பி.கு.: உறையில் இடுவதற்கு முன் உன் அம்மா இதன் வரைவையும் வாங்கி வண்ணம் பூசிவிட்டாள். சிவப்பு இன்னும் அதிகம்தான் என்கிறாள். ஆனால் பச்சைக் கோலுக்கு இப்போது ஒரு பக்கம் முனை தேய்ந்திருக்கிறது.